வச்சிரம் வைத்த ஆம்

செபஸ்தியார்துறையில் வயலினுக்குள்ளே நிற்கும் அந்தச் சின்னக் குச்சிக்குப் பெயர் ஆம். மற்ற ஊர்களில் அதற்கு வேறு பெயர்கள் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். காரைக்காலுக்குத் தெற்கே, கடல் கோயில் சுவர் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் இந்த ஊரில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோயில் வாத்தியங்களைப் பழுதுபார்த்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார், அந்தக் குச்சியைத் தம் பாஷையில் ஆன்மா என்று சொன்னார். அவர் பாஷையில் ஆன்மாவுக்கு உள்ள சொல் நம் காதில் 'ஆம்' என்று விழுந்தது. விழுந்ததை ஊர் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. ஆம் இல்லாத வயலின் வெறும் பெட்டி. மேல் பலகைக்கும் அடிப் பலகைக்கும் நடுவில், சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தக் குச்சி நிற்பதால்தான் தந்தியின் துடிப்பு மேலேயிருந்து கீழே இறங்கி, உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வருகிறது. அதற்குப் பசை கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு பலகையும் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அதுவும் தானாக நிற்க வேண்டும். மயிரிழை கூடினால் பலகை வெடிக்கும், மயிரிழை குறைந்தால் குச்சி உள்ளே விழுந்து உருளும். இது செபஸ்தியார்துறையில் வலை பின்னுகிறவருக்கும் தெரியும், மீன் விற்கிறவளுக்கும் தெரியும்.

ஊர்ப் பிடில் மேஸ்திரி பத்திநாதனுக்கு மூக்குக்கு மேலே கோபம், அதற்கும் மேலே பெருமை. சென்னையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வித்வான்கள் வந்து அவர் பட்டறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். மனம் வந்தால் உட்காரச் சொல்வார், வராவிட்டால் பலகையைச் சீவிக்கொண்டே இருப்பார். ஒரு பெரிய வித்வான் வயலினை 'சாமான்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டதற்காக, "சாமான் வேணும்னா பாத்திரக் கடைக்குப் போங்க" என்று வந்த வழியே அனுப்பிவைத்தவர். பூசைக்கு வரும்போதுகூடத் தோளில் மரத்தூளோடுதான் வருவார், யார் கேட்பது? இப்படிப்பட்ட மனிதர் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயப்படுவார். அது அவருடைய தங்கை சலேத்.

சலேத்துக்கு நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆகவேண்டும் என்று அவள் யாரிடமும் குறைப்பட்டதும் இல்லை. அண்ணன் மனைவி மோட்சம் போய்ச் சேர்ந்த பிறகு வீடு அவள் கையில் இருந்தது, வீட்டைவிடப் பெரிய காரியம் அவள் காதில் இருந்தது. புது வயலின் ஒன்று முடிந்தால் பத்திநாதன் அதைச் சமையற்கட்டு வாசலுக்குக் கொண்டுவருவார். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். மீன் அலசிக்கொண்டோ பூண்டு உரித்துக்கொண்டோ இருப்பாள். அவர் வில்லை வைத்து ஒரே ஓர் இழுப்பு இழுப்பார். அவள் "ஆம்" என்பாள், அல்லது "இல்ல" என்பாள். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வேண்டாம், மாட்டேன், முடியாது, பிடிக்கவில்லை எல்லாவற்றுக்கும் அவளிடம் அந்த ஒரே 'இல்ல'தான். அவள் "இல்ல" என்றுவிட்டால் மனிதர் திட்டிக்கொண்டே பட்டறைக்குப் போய், ஆவி காட்டி மேல் பலகையைப் பிரித்து, எங்கே மரத்தின் சதை கூடிப்போனது, எங்கே குறைந்துபோனது என்று விரலால் தடவித் தடவித் தேடி, மறுபடி மூடிக்கொண்டு வருவார். வித்வான் அனுப்பிய கார் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தபோதே அவள் "இல்ல" என்று சொல்லி, அந்தக் கார் வெறுமனே திரும்பிப் போனதும் உண்டு. பத்திநாதன் வயலின் என்று வெளியூரில் கொண்டாடியதில் பாதி சலேத்தின் 'இல்ல'தான். அது அவருக்கு நன்றாகவே தெரியும், வெளியே சொல்ல மாட்டார்.

அப்படி இருக்கையில்தான் சொல்தா ராயப்பன் வீட்டுக் கிடங்கு திறந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு வந்தவர்களை இந்தப் பக்கம் சொல்தா என்பார்கள். மனைவியை இழந்த ராயப்பன், எப்போதோ கப்பலேறிப் போய்விட்ட ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் வீட்டை வாங்கி, கிடங்கின் பூட்டை உடைத்துப் பார்த்தபோது, பல் கொட்டிப்போன பழைய பியானோக்கள் மூன்று உள்ளே நின்றன. என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்ல வந்த பத்திநாதன் ஒன்றின் முதுகைத் திறந்தார். உள்ளே ஒலிப்பலகை. பனி பெய்யும் மலையில் வளர்ந்த மரம், நூறு வருஷம் காய்ந்தது, ரேகைகள் நூல் பிடித்த மாதிரி இறங்கியிருந்தன. விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். அது திருப்பிச் சொன்ன ஓசை அடங்குகிறவரை பலகையில் காதை வைத்துக் கேட்டார். இந்த மரம் கைக்கு வந்தால் இதுவரை செய்ததெல்லாம் விளையாட்டு என்று ஆகிவிடும், அது அவருக்கு அந்த ஒரு தட்டில் தெரிந்துவிட்டது.

"மூணையும் தூக்கிட்டுப் போங்க மேஸ்திரி, எனக்கு அத வச்சு என்னா ஆவப்போவுது?" என்றார் ராயப்பன். "ஆனா வீடு வெறிச்சுன்னு கெடக்குது. உங்க சலேத்தக் குடுத்தீங்கன்னா வீடும் நெறையும், உங்க பட்டறையும் நெறையும்."

பத்திநாதன் மரத்தின் மேல் வைத்த கையை எடுக்காமலே வாக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "இல்ல" என்றாள். "ராயப்பனுக்கு என்னா கொறச்சல்? நல்ல மனுஷன், கை நெறைய பென்ஷன்" என்றார். "இல்ல." "வாக்குக் குடுத்துட்டேன் சலேத்து." "இல்ல." மரத்தைப் பற்றி அவள் சொன்ன ஓர் 'இல்ல'வைக்கூட மீறத் துணியாத மனிதர், அவளைப் பற்றி அவள் சொன்ன 'இல்ல'வைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று தரமும் கேட்டார். தடை எது என்று ஊருக்கே தெரியும். ஊர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பியானோக்கள் பட்டறைக்கு வந்தன. அந்த மரத்தில் முதல் வயலினைத் தங்கையின் கல்யாணப் பூசையில் வாசிப்பதற்காகவே செய்யத் தொடங்கினார் பத்திநாதன். அப்படி ஒரு வயலின் அவர் கையில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. சீவினால் சுருள் சுருளாக வெண்ணெய் போல வந்தது; வளைத்தால் வளைந்தது; மெருகு ஏற்றியபோது சாயங்கால வெயில் உள்ளேயிருந்து அடிப்பது மாதிரி இருந்தது. ஆனால் ஆம் மட்டும் நிற்கவில்லை. வளைந்த துளை வழியே கம்பியால் குத்தி உள்ளே விட்டு, நிமிர்த்தி, நிறுத்தி, கையை எடுப்பார். சமையற்கட்டில் சலேத், யாரும் எதுவும் கேட்காமலே, தன்பாட்டுக்கு "இல்ல" என்பாள். உள்ளே டொக்கென்று ஆம் விழும். புதுக் குச்சி செதுக்கினார், விழுந்தது. நீளத்தைக் கூட்டினார், குறைத்தார், கிழக்கே பார்த்த மரத்தில் செதுக்கினார், மேற்கே பார்த்த மரத்தில் செதுக்கினார், எல்லாம் விழுந்தன. கல்யாணத்தன்று காலையில், கோயில் முதல் மணி அடித்துவிட்ட நேரத்தில், வெறி பிடித்தவராகப் பத்திநாதன் உலகத்தில் எந்தப் பிடில் மேஸ்திரியும் செய்யாத காரியத்தைச் செய்தார். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை அடுப்போரத்தில் இளகிக்கொண்டிருந்தது. ஆமின் இரண்டு முனையையும் அதில் தோய்த்து, உள்ளே விட்டு, நிறுத்தி, ஊதினார். நின்றது. அந்த வயலினை மட்டும் அவர் சமையற்கட்டு வாசலுக்குக் கொண்டுபோகவில்லை.

கோயிலில் அன்று கால் வைக்க இடமில்லை. சலேத் சாமியார் முகத்துக்கு நேரே "இல்ல" என்று சொல்லப்போகிறாள் என்று ஊருக்கு உறுதியாகத் தெரியும். அதைக் கேட்பதற்காகவே மீன்கார மிக்கேலம்மா கூடையை வீட்டில் போட்டுவிட்டு முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்கு வராத நோயாளிகளுக்கும் கோபக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று தெருமுனை வரை ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். கோயிலில் பாட்டு நடத்தும் உபதேசியார் புது வயலினைத் தோளில் வைத்து வில்லை இழுத்தார். வெளியே வந்த நாதத்தில் தவறு ஒன்றும் இல்லை, அதுதான் தவறு. அது இழுத்த இடத்திலிருந்து நகராமல், எல்லோருடைய மேலண்ணத்திலும் போய் ஒட்டிக்கொண்டது. சாமியார் மணமகளைப் பார்த்து, யாருடைய கட்டாயமும் இல்லாமல் முழு மனதோடு வந்திருக்கிறாயா என்று கேட்டார். சலேத் தலையை நிமிர்த்தினாள், வாயைத் திறந்தாள், "ஆம்" என்றாள்.

சொன்ன பிறகு அவள் தன் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை. சொந்த வீட்டுக்குள் நுழைந்தவள் அங்கே வேறு யாரோ சமைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்த முகம். சாமியாரே ஒரு கணம் தடுமாறி, சரியாகக் கேட்டோமா என்று சபையைப் பார்த்து, "ஆம் என்றுதானே சொன்னாள்?" என்றார். "ஆம்" என்றது கோயில் முழுவதும்.

வெளியே வந்ததும் ஐஸ் வண்டிக்காரன் "ஐஸ் வேணுமா?" என்றான். அத்தனை பேரும் "ஆமா" என்றார்கள். சளி பிடித்தவர், பல் கூசுகிறவர், உபவாசம் இருந்தவர், எல்லோரும் கையில் ஐஸை வைத்துக்கொண்டு, அது முழங்கை வரைக்கும் உருகி வழிய, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செபஸ்தியார்துறையில் பதில் சொல்லுகிற வாய்களிலிருந்து இல்லை என்ற சொல் போய்விட்டது. மாட்டேன் போய்விட்டது, வேண்டாம் போய்விட்டது. யார் எதைக் கேட்டாலும் வாயில் வந்தது ஆமாதான். தலையை ஆட்டிக் காட்டலாம் என்றால் தலை மேலும் கீழும்தான் ஆடியது. எழுதிக் காட்டலாம் என்றால் கை ஆம் என்றுதான் எழுதியது. வாய்ச்சொல்தானே, சொல்லிவிட்டுச் செய்யாமல் இருந்தால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சொன்ன சொல்லை விழுங்குகிறவனை இந்த ஊரில் கல்லறைத் தோட்டத்தில்கூட ஓரமாகத்தான் புதைப்பார்கள். சொன்னதைச் செய்தார்கள்.

அடுத்து வந்த நாட்களில் ஊர் தன்னைப் பார்த்துத் தானே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கட்டுமரத்தைக் கேட்டான், கொடுத்தார்கள். கொடுத்தவனே மறுநாள் போய்க் கேட்டான், அவனும் கொடுத்தான். கட்டுமரம் கரையில் கைமாறிக்கொண்டே இருந்ததே தவிரக் கடலுக்குப் போகவில்லை. ஒரு பெண்ணை மூன்று வீட்டில் கேட்டு மூன்று வீட்டுக்கும் ஆமா சொல்லப்பட்டு, அவள் தகப்பனார் வாசற்கதவைப் பலகை வைத்து அடைத்துக்கொண்டார். "நான் குண்டாயிட்டேனா?" என்று கேட்ட மனைவிமார்கள் பல நாள் பேசாமல் இருந்தார்கள். சாமியார், பாவசங்கீர்த்தனப் பெட்டியில் உட்கார்ந்து "மனஸ்தாபப்படுகிறாயா?" என்று கேட்டுக் கேட்டு, எல்லோரும் ஆமா என்று சொல்லச் சொல்ல, ஒருவருக்கும் பாவமன்னிப்புக் கொடுக்கத் தைரியம் வராமல் பெட்டியை மூடிவிட்டார். இவை சிரிக்கக் கூடியவை. வலைக்காரத் தொம்மை விஷயம் அப்படி இல்லை. வெளியூர்க் காவல் நிலையத்தில் அவரைச் சும்மா சாட்சிக்குக் கூப்பிட்டு, ஒருவர் போகிறபோக்கில் "சைக்கிளத் திருடுனது நீயா?" என்று கேட்டுவைக்க, அவர் ஆமா என்றார், ருசி கண்டுவிட்டவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்த ஒரு கொலைக்கும் ஆமா என்றார். அவர் வீடு திரும்பவில்லை. அதன் பிறகு ஊரில் வெளியாள் யாராவது வாயைத் திறந்தாலே பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடின.

வழி கண்டுபிடித்தவள் மிக்கேலம்மா. "பாதி வெலைக்குத் தர்றியா?" என்று கேட்டுக் கேட்டு அவள் கூடையை ஊர் காலி செய்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவள் கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டு கத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. எங்கிட்ட மீன் கேக்கறவ இப்புடிக் கேக்கணும்: 'பாதி வெலைக்குத் தரமாட்டேதானே?' அப்பத்தான் நான் ஆமாம்பேன். ஆமா, தரமாட்டேன்!"

ஊர் அசந்துபோய் அவளைப் பார்த்தது. இத்தனை சுலபமா? மாட்டாயே என்று கேட்டால் ஆமாவே இல்லை ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து செபஸ்தியார்துறையில் மரியாதை என்பதே மாறிப்போனது. "எங்க வீட்டு விசேஷத்துக்கு வரமுடியாதுதானே?" என்று அழைத்தார்கள். "இந்தப் பொண்ண ஒனக்குப் புடிக்கலதானே?" என்று பெற்றவர்கள் பிள்ளைகளிடம் கேட்டார்கள். மற்றவர் மறுப்பதற்கு இடம் வைத்துக் கேட்கிறவன் நல்லவன், நேரே கேட்கிறவன் திருடன். வாழ்க்கையில் முதல் முறையாக ஊர், வாயைத் திறப்பதற்கு முன்னால், எதிரே நிற்கிறவருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கியது. பாதகமில்லையே என்று தோன்றிவிட்டது. சண்டை குறைந்தது, கல்யாணங்கள் சட்டென்று முடிந்தன, எல்லாம் தொடங்கிய அன்று வாசித்து, பிறகு கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அந்த வயலினுக்கு மெழுகுவர்த்திகூட ஏற்ற ஆரம்பித்தார்கள். அடைத்துப்போன குழாய்க்குப் பழகிக்கொள்வது போல ஊர் இதற்கும் பழகிக்கொண்டது.

பழகாதவர் பத்திநாதன் ஒருவர்தான். பசை வைத்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆமுக்குப் பசை வைத்த மேஸ்திரி என்று வெளியே தெரிந்தால் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தார். பியானோ மரத்தில் அடுத்தடுத்து வயலின் செய்து, ஒவ்வொன்றையும் ராயப்பன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், சலேத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று வாசித்துக் காட்டி, "நல்லாருக்கா?" என்பார். "ஆமா" என்பாள் அவள். முதல் தடவை மனம் குளிர்ந்துபோனார். இரண்டாவதுக்கும் ஆமா, மூன்றாவதுக்கும் ஆமா. பிறகு வித்வான்களிடமிருந்து வயலின்கள் திரும்பி வரத் தொடங்கின. "மரம் நல்ல மரம்தான் மேஸ்திரி, சத்தம் மட்டும் செத்துக்கிடக்கு" என்று ஒருவர் சொல்லி அனுப்பினார். பத்திநாதன் ஒரு பிஸ்கட் டின்னில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, அதை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் பின்னால் நின்று இழுத்தார். பூனையின் வாலை மிதித்தது போல ஒரு சத்தம்.

"நல்லாருக்கா சலேத்து?"

"ஆமா."

அவள் திரும்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். உதடுகள் வெடித்திருந்தன. ராயப்பன் கெட்டவர் அல்ல, கை நீட்டுகிறவர் அல்ல. அவர் கேட்கிறவர், அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். காப்பி போடறியா, காலப் புடிச்சு விடறியா, நான் பட்டாளத்துல இருந்த கதயச் சொல்லட்டுமா, என்னெ விட்டுப் போவமாட்டியே, சந்தோஷமா இருக்கியா? எல்லாவற்றுக்கும் ஆமா. ஊரிலேயே தன்னைப் போல் கொடுத்துவைத்த புருஷன் இல்லை என்று அவர் சத்தியமாக நம்பினார்.

பத்திநாதன் குரலைத் தாழ்த்தி, மிக்கேலம்மா சொல்லிக்கொடுத்த மரியாதையோடு கேட்டார்: "ஒனக்கு இங்க சந்தோஷமில்ல, அப்புடித்தானே?"

"ஆமா" என்றாள்.

சரி, உண்மை தெரிந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் எந்தப் பிசாசு பிடித்து உந்தியதோ, ஒருவேளை நம் பயம்தான் நமக்கே விடையாகத் திரும்பி வந்ததோ என்று ஒரு சந்தேகம் தட்ட, மறுபடி கேட்டார்: "ஒனக்கு இங்க சந்தோஷந்தானே?"

"ஆமா" என்றாள் அதே குரலில்.

பத்திநாதன் டின்னோடு பின்வாங்கிச் சுவரில் முட்டிக்கொண்டார். ஊர் கொண்டாடிய மரியாதை எல்லாம் வெறும் சுவரில் பட்டுத் திரும்பும் பந்து. எப்படிக் கேட்டாலும் கேட்டவன் மனதில் இருப்பதுதான் அவனுக்குப் பதிலாக வருகிறது. பதில் சொல்லவேண்டியவள் எங்கேயோ உள்ளே அகப்பட்டுக்கொண்டு நிற்கிறாள். பொய் ஆமாவிலிருந்து மெய் ஆமாவைப் பிரித்துச் சொல்ல உலகத்தில் ஒரு காது இருந்தது, அந்தக் காதின் வாயைத்தான் அவர் வச்சிரம் வைத்து ஒட்டியிருந்தார். "நான்தான் சலேத்து, நான்தான் செஞ்சேன்" என்றார். அவள் பதில் சொல்லவில்லை, அது கேள்வி அல்லவே. கண்கள் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் கோயில் முற்றத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்தையும் மெல்லிய கத்தியையும் வைத்துக்கொண்டு, ஊர் முழுவதும் பார்க்க, கண்ணாடிப் பெட்டியிலிருந்து வயலினை எடுத்துவந்தார்.

"ஆமுக்கு வச்சிரம் வச்சேன்" என்றார். "அது நிக்கமாட்டேன்னுச்சு. நான் ஒட்டிட்டேன்."

ஒரு கொலையைச் சொல்லியிருந்தால்கூட ஊர் அப்படி வாயைப் பிளந்திருக்காது. "வச்சிரமா?" என்றார் உபதேசியார். "ஆமுக்கா?" மிக்கேலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பத்திநாதன் மேஸ்திரி கையிலா என்று கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவருக்காக வெட்கப்பட்டு. அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு, "இதப் பிரிக்கிறேன். எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

"ஆமா" என்றது ஊர், வேறு என்ன சொல்லும்?

ராயப்பன் மட்டும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். "மச்சான், பிரிக்கமாட்டீங்கதானே?"

"ஆமா, பிரிக்கமாட்டேன்" என்றார் பத்திநாதன், சொல்லிக்கொண்டே கத்தியை மூட்டில் நுழைத்தார். கல்லறைத் தோட்டத்தின் ஓரம் அவருக்குத் தயாராக இருக்கும் என்பது அந்த நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. "பிரிக்கமாட்டேன் மாப்ளே, பிரிக்கவே மாட்டேன்" என்று சொல்லச் சொல்ல, சூடான துணியை ஒற்றி ஒற்றி, விளிம்பு விளிம்பாகப் பசையை இளக்கி, சுற்றி வந்தார். வாயும் கையும் வேறு வேறு ஆட்களுடையவை போல இருந்தன. விளிம்பு முழுவதும் விட்டுவிட்டது. நடுவில் ஆம் விடவில்லை. வெந்நீர் அங்கே எட்டாது. இரண்டு கைகளாலும் மேல் பலகையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நூறு வருஷம் காய்ந்த அந்த மரம், அவர் தங்கையைக் கொடுத்து வாங்கிய மரம், மேலிருந்து கீழ்வரை சட்டென்று பிளந்தது. அடிப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்ற ஆம் குச்சியை உளியால் ஒரே தட்டுத் தட்டினார். அது ஒரு துண்டுப் பலகையையும் பிய்த்துக்கொண்டு கையில் வந்தது. அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த வயலின் பெஞ்சில் விறகாகக் கிடந்தது.

ஆமின் முனையில் ஒட்டியிருந்த வச்சிரத்தைப் பத்திநாதன் நகத்தால் சுரண்டினார்.

பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்து, யாரும் எதுவும் கேட்காமலே, "இல்ல" என்றாள் சலேத்.

சாமியாரைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். ஓலை வாசித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்து ஒரு தடவை சொன்னாள். ராயப்பன் கையிரண்டையும் விரித்துக்கொண்டு, "தெனமும் சந்தோஷமா இருக்கேன்னியே சலேத்து! தெனமும் கேட்டனே!" என்றார். "இல்ல" என்றாள் அவரிடமும், கோபமில்லாமல். அவர் அடிபட்டவர் மாதிரி அப்படியே நின்றார். பாவம், அவருக்கு அதுவரை மெய்யாகவே தெரியாது. அதற்குள் முற்றம் முழுவதும் இல்லைகள் வெடித்துக் கிளம்பிவிட்டன. மாட்டேன், முடியாது, என் கட்டுமரத்தைக் கொடு, உன் பையனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று ஆளுக்கு ஆள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கத்தினார்கள். தொம்மையின் பெண்சாதி தலையை அள்ளி முடிந்துகொண்டு காவல் நிலையத்தைப் பார்த்து ஓடினாள்.

பத்திநாதன் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கையிடம் வந்தார். "வீட்டுக்கு வா சலேத்து" என்றார். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வர்றியா?" என்று மாற்றினார்.

அவள் அவரை நிதானமாகப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

எத்தனையோ 'இல்ல'களைக் கேட்டவர்தான். ஒவ்வொன்றுக்கும் திட்டிக்கொண்டே போய்ப் பலகையைப் பிரித்து எங்கே தவறு என்று தேடியவர்தான். இதற்கு எதைப் பிரிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கால் எடுத்து வைக்காமல் நின்றார்.

மிக்கேலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சலேத்தின் தோளைப் பிடித்தாள். "ஏ புள்ள, காலேலேர்ந்து வெயில்ல நிக்கிறே. பசிக்குதா?"

வயலினுக்குக்கூடச் சலேத் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. வயிற்றின் மேல் கையை வைத்து, தலையைச் சாய்த்து, உள்ளே எங்கேயோ கேட்பவளைப் போலக் கேட்டாள்.

"ஆமா" என்றாள்.

வா என்று மிக்கேலம்மா அவள் கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் கடற்கரைத் தெருவில் இறங்கிப் போனார்கள். பத்திநாதன் அந்த ஆமாவையே கேட்டுக்கொண்டு நின்றார். அப்படி ஓர் ஆமா அவர் வீட்டில் ஒலித்ததே இல்லை. ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் அவளிடம் அவர் கேட்டதெல்லாம் மரத்தைப் பற்றித்தான். பசிக்கிறதா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.